வார்சாவில் விளக்கு விற்ற வாரம்

அக்டோபர் 31, வியாழன்

மகன் போலந்துக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. "வாருங்கள் அப்பா" என்று அழைத்து அழைத்து அலுத்துப்போய், இந்த முறை என்னைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டான். ஜூன் மாதத்துக்கு எடுத்திருக்கலாம். அக்டோபர் கடைசிக்கு எடுத்திருக்கிறான். மாலை நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மூன்று சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் அவனுடைய பழைய கோட்டு என்று பொதிமாடு போல நடக்கிறேன்.

வீடு பிராகா பகுதியில். விஸ்துலா ஆற்றின் கிழக்குக் கரை. வாடகை குறைவாம். மதியம் 'பால் கடை' என்று பெயர்வைத்த பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனான். நம்மூர் ரயில்வே கேண்டீன் மாதிரி: கவுண்டரில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதை ஜன்னலில் நீட்ட வேண்டும். தக்காளி சூப் 7 ஸ்லோட்டி, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியரோகி 17 ஸ்லோட்டி. ஒரு ஸ்லோட்டி இருபது ரூபாய்க்கு மேல். பியரோகி என்பது பூரணத்துக்குப் பதில் மசியல் வைத்த கொழுக்கட்டை. மேலே வதக்கிய வெங்காயம். மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தச் சமையல்காரருக்குத் தெரியாது போலிருக்கிறது.

திரும்பும் வழியில் பார்த்தால் மளிகைக் கடை, பூக்கடை, பெட்ரோல் பங்க் எங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகு வைத்த விளக்குகள் அடுக்கடுக்காக. கார்த்திகை சீக்கிரம் வந்துவிட்டதா என்றேன். "நாளைக்கு அனைத்துப் புனிதர் திருநாள், அப்பா. எல்லோரும் கல்லறைக்குப் போய் விளக்கு வைப்பார்கள். கடை ஒன்றும் திறக்காது. இப்போதே வாங்கிவிடலாம்" என்றான். ஐந்து விளக்குகள் கட்டிய அட்டைப்பெட்டி 50 ஸ்லோட்டி. ஆயிரம் ரூபாய்க்கு மேல். நமக்கு இந்த ஊரில் யார் செத்தார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

போவோன்ஸ்கி ராணுவக் கல்லறைக்குப் போக இன்றைக்கென்று கூடுதல் பஸ்கள் விட்டிருக்கிறார்கள். வார்சாவே அதில்தான் ஏறியிருந்தது. ஆனால் முண்டியடிப்பு கிடையாது. ஒரு பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தான். எனக்கு அறுபத்தாறுதான் ஆகிறது, உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் ஒரு தெருவே திருவிழாக் கடைகள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மிட்டாயை வெள்ளைத்தாளில் சுற்றி விற்கிறார்கள். பெயர் பான்ஸ்கா ஸ்குர்கா. முன்பு 'கன்னியின் தோல்' என்று அழைத்தார்களாம். வார்சாவின் கல்லறை வாசல்களில், இந்த நாட்களில்தான் இதைப் பார்க்க முடியும் என்றான் மகன். நான்கு துண்டு 10 ஸ்லோட்டி. வாயில் போட்டதும் கல். ஐந்து நிமிடம் கழித்து ஜவ்வு. என் கீழ்வரிசைப் பல்செட் அதிலேயே மாட்டிக்கொண்டு, ஆயிரம் பேருக்கு நடுவில் திரும்பி நின்று அதைச் சரிசெய்தேன்.

இந்தக் கல்லறையே ஒரு வேடிக்கை. முதலில் இது ஜார் மன்னரின் வார்சா படைமுகாமுக்கென்று ஏற்பட்டது. ரஷ்யச் சிப்பாய்களைப் புதைக்க ஒதுக்கிய மண்ணில், ரஷ்யர்களோடு சண்டையிட்டுச் செத்த போலந்துக்காரர்கள் இப்போது வரிசை வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். 1920-ல் சோவியத் ரஷ்யாவின் செம்படையோடு நடந்த போரில் இறந்தவர்களுக்கு ஒரே அளவுச் சிலுவைகள். ஒவ்வொன்றிலும் விளக்கு. கூட்டம் கூட்டமாக வரும் குடும்பங்கள், சொந்தக்காரர் யாருமில்லாத சிலுவையாகத் தேடி வைக்கிறார்கள். நாங்களும் ஒன்று வைத்தோம்.

பிறகு 'காட்டின்' (Katyn) நினைவிடம். அது ரஷ்யாவில் ஒரு காட்டுப் பகுதியின் பெயர். 1939 செப்டம்பர் 17 அன்று, மேற்கிலிருந்து ஜெர்மனி அடித்துக்கொண்டிருக்கும்போதே கிழக்கிலிருந்து சோவியத் படை நுழைந்தது. பிடிபட்ட அதிகாரிகள், போலீஸ்காரர்கள், டாக்டர்கள், வாத்தியார்கள் என ஏறக்குறைய 22,000 பேரை 1940-ல் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 1940 மார்ச் 5 தேதியிட்ட முடிவு, ஸ்டாலின் கையெழுத்தோடு. ஏறக்குறைய ஐம்பது வருடம் "ஜெர்மானியர் செய்தது" என்றே சாதித்து, 1990 ஏப்ரலில்தான் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. 1981-ல் இந்த இடத்தில் சிலர் 'காட்டின் 1940' என்று பொறித்த கல் சிலுவை ஒன்றை நிறுத்தினார்கள். அன்று இரவே போலீஸ் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வருடம்தான் சிக்கல். 1940 என்றால் அந்தக் காடு இருந்தது சோவியத் கையில், ஜெர்மானியர் அங்கே வந்தது 1941-ல். நாலு எண்களுக்காக ஒரு கல்லைக் கைது செய்தார்கள். ஆட்சி மாறிய பிறகு அதே கல் திரும்பி வந்தது. இன்று அதைச் சுற்றி விளக்குகள், கால் வைக்க இடமில்லாமல்.

அங்கே குனிந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ என் தலையில் தட்டினார்கள். எண்பது வயதுப் பாட்டி. குல்லாயைக் கழற்று என்று சைகை. கழற்றினேன். வழுக்கையில் காற்று ஊசியாய்க் குத்தியது. நான் ஏற்றி முடிக்கும்வரை காத்திருந்து, அவரே வாங்கி மறுபடி என் தலையில் மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 2, சனி

காலையில் தூறல். அரண்மனைச் சதுக்கத்தில் சிகிஸ்மண்ட் மன்னருடைய தூண். ஒரு கையில் சிலுவை, மறு கையில் வாள். தூணை 1644-ல் நிறுத்தியவர் அவருடைய மகன் விளாடிஸ்லாவ். இந்த மகன் பதினைந்து வயதில் ரஷ்யாவுக்கு ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது இங்கே வரும்வரை எனக்குத் தெரியாது. 1610 ஜூலையில் கிளூஷினோ என்ற இடத்தில் போலந்துத் தளபதி ஜூல்கீவ்ஸ்கி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ரஷ்யப் படையை உடைத்தார். மாஸ்கோ பிரபுக்கள் தங்கள் ஜார் வசீலி சூய்ஸ்கியை இறக்கிவிட்டு, போலந்து இளவரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். போலந்துப் படை கிரெம்ளினுக்குள் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. இறக்கப்பட்ட ஜாரை இங்கே கொண்டுவந்து, 1611 அக்டோபர் 29 அன்று இந்த அரண்மனையில், மன்னர் முன்னால், சபையோர் பார்க்க மண்டியிட வைத்தார்கள். மறு வருடம் அவர் போலந்திலேயே கைதியாக இறந்தார்.

ரஷ்யர்கள் எங்களை அடித்தார்கள் என்றுதான் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் கதை தொடங்குகிறது. பொய்யில்லை. 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் அண்டை வீட்டார் நாட்டைக் கூறுபோட்டதில் பெரிய கூறு ரஷ்யாவுக்கு. 123 வருடம் வரைபடத்திலேயே போலந்து இல்லை. 1830, 1863 இரண்டு எழுச்சிகளும் ரத்தத்தில் முடிந்தன. ஆனால் மாஸ்கோவரை போய் உட்கார்ந்துவிட்டு வந்த அந்த இரண்டு வருடத்தைப் பங்காளிகள் மறப்பார்களா? வரப்புத் தகராறில் யார் முதலில் மண்வெட்டியைத் தூக்கியது என்று எந்தப் பஞ்சாயத்தில் தீர்ந்திருக்கிறது?

அரண்மனையும் அசல் இல்லை. 1944-ல் ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்ததை 1970-களில் மறுபடி கட்டினார்கள். ஜார் மண்டியிட்ட இடம் என்று நான் பயபக்தியோடு நின்ற தரை, நான் எஸ்எஸ்எல்சி எழுதிய காலத்தது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பில்சுட்ஸ்கி சதுக்கம். இப்போது வெறும் வெளி. ஒரு மூலையில், இடிந்த மாளிகையின் மிச்சமான வளைவுகளுக்குக் கீழே பெயர் தெரியாத போர்வீரனின் சமாதி. இந்த வெட்டவெளியில் 1912 முதல் ஒரு பிரம்மாண்டமான ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பேராலயம் நின்றது. மணிக்கூண்டு 70 மீட்டர். ஊரின் நெஞ்சில் வைத்த முத்திரை. சுதந்திரம் வந்ததும் 1920-களில் அதை உடைத்து எடுத்துவிட்டார்கள். உடைத்ததைத் தூக்கிப் போடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அதன் ஜாஸ்பர் கல்தூண்கள் கிராக்கோவுக்குப் போய், போலந்துப் படைத்தலைவர் பில்சுட்ஸ்கி அடக்கமான நிலவறைக்கு வாசல் விதானமாக நிற்கின்றன. செம்படையை விரட்டியவருக்கு ஜார் கோயில் தூண்.

மதியத்துக்கு மேல் விமான நிலையச் சாலையில் இருக்கும் சோவியத் வீரர்களின் கல்லறைக்குத் தனியாகப் போனேன். மகனுக்கு அதில் இஷ்டமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் "இந்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "மகாராஜா!" என்று என் முழங்காலில் தட்டினார். யாரோ கிண்டல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிண்டலே இல்லை. சோவியத் படை பிடித்த கிழக்குப் போலந்திலிருந்து லட்சக்கணக்கான பேரைச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தினார்கள். அதில் தப்பிய குழந்தைகளில் நூற்றுக்கணக்கானவர்களை 1942-ல் குஜராத்தின் நவாநகர் மகாராஜா ஜாம்சாகேப் தன் ஊருக்கு அழைத்து, பாலாசடியில் வைத்து வளர்த்தார். அவர் பெயரில், 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்று இந்த ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது. பெரியவர் இறங்கும்போது பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். ஜாம்சாகேப் செய்த புண்ணியம், ஆப்பிள் எனக்கு.

கல்லறையில் 21,000-க்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள். 1944, 45-ல் இந்தப் பக்கம் ஜெர்மானியரோடு சண்டையிட்டு இறந்தவர்கள். அகலமான புல்வெளி, நடுவில் கற்கம்பம். நேற்று பார்த்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் யாருமே இல்லை என்றும் சொல்ல முடியாது. படிக்கட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு அம்மாவும் பெண் குழந்தையும் வந்து ஒன்று வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வேகமாகப் போனார்கள். 2022 மே 9 அன்று இங்கே மாலை வைக்க வந்த ரஷ்யத் தூதர் மீது, உக்ரைன் போருக்காகச் சிவப்புச் சாயத்தை ஊற்றினார்கள். நான் மூன்றாவது விளக்கை வைத்தேன். தீக்குச்சி ஏழு செலவானது. மழை.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்குப் பட்டது பாடு.

1920 ஆகஸ்டில் போர் நடந்த ஓசுஃப் கிராமத்தைப் பார்க்க ஆசை. மகன் தூங்கட்டும் என்று நான் மட்டும் வில்நியூஸ் பெயர் வைத்த வார்சா ரயில் நிலையத்துக்குப் போனேன். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் இருந்தவனுக்கு அந்தப் பெயரிலேயே சரித்திரம். ஜார் காலத்தில் 1862-ல் திறந்த பீட்டர்ஸ்பர்க் பாதை வில்நியூஸ் வழியாக வந்து முடிந்தது இங்கேதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வியன்னா பாதை: தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். இந்தப் பக்கம் ரஷ்ய அகலப்பாதை: 1,524. ஒரே ஊர், இரண்டு அளவு. விழுப்புரத்தில் மீட்டர்கேஜிலிருந்து சரக்கை இறக்கி அகலப்பாதைக்கு ஏற்றிய நாட்கள் ஞாபகம் வந்தது. முதல் உலகப்போரில் வந்த ஜெர்மானியர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தண்டவாளத்தைத் தங்கள் அளவுக்கு நெருக்கிப் போட்டது. எனக்கு எல்லைக்கோட்டைவிட இதுதான் நன்றாகப் புரிகிறது. யார் ஆள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் தண்டவாளத்துக்கு நடுவே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

பெயர்ப்பலகையில் 'கோபிவ்கா ஓசுஃப்' என்று வந்ததும் இறங்கிவிட்டேன். கிராமம் ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேர நடை என்பதைப் பலகையில் எழுதியிருக்கவில்லை. ரயில் கிளம்பிப் போன பிறகுதான் விளக்குப் பை சீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. ஊழியம் செய்த காலத்தில் எத்தனை பயணிகளைத் திட்டியிருப்பேன், பையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் இல்லை. வாசல்தோறும் நாய் மட்டும் இருந்தது.

பைன் மரங்களுக்கு நடுவே ஈரச் சாலை. போர் நடந்த இடம் என்று தனியாகத் தெரியவில்லை. நம்மூர் ஏரிக்கரைப் புறம்போக்கு மாதிரி சமவெளி. 1920 ஆகஸ்ட் 14 அன்று இங்கே வந்து மோதியவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி மாணவர்களான தொண்டர் படையினர். அவர்களோடு வந்த பாதிரியார் இக்னாட்ஸி ஸ்கொருப்காவுக்கு வயது 27. அவர் விழுந்த இடத்தில் சிலுவை. வார்சா இங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்து, பில்சுட்ஸ்கி தெற்கே வியெப்ஷ் ஆற்றுப் பக்கமிருந்து மேலே ஏறி அடிக்க, செம்படைத் தளபதி துகாசெவ்ஸ்கியின் படை சிதறியது. 'விஸ்துலா அற்புதம்' என்கிறார்கள். அந்தப் பெயர் பில்சுட்ஸ்கியைப் பிடிக்காதவர்கள் பக்கமிருந்து வந்தது: ஜெயித்தது அவரில்லை, மாதா என்று பொருள். எனக்குக் கேட்டால், பாதி அற்புதம் கம்பியில்லாத் தந்தியில் நடந்தது. யான் கொவலெவ்ஸ்கி என்ற இளம் அதிகாரியின் குழு, செம்படையின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. தந்தி தெரிந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

அதே வருடம் மே மாதத்தில் பில்சுட்ஸ்கியின் படை கீவ் நகருக்குள் இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். வார்சாவுக்கு இருபது கிலோமீட்டர் வரை வந்த ரஷ்யர்கள் சும்மா வரவில்லை.

நான் தேடி வந்தது இன்னொரு குழி. அதே போரில் செத்த செம்படைச் சிப்பாய்கள் 22 பேர் இங்கே புதைந்திருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் அவர்கள் மேல் எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திறக்கப் போனபோது எதிர்ப்பாளர்கள் மறித்து விழாவையே நிறுத்திவிட்டார்கள். படையெடுத்து வந்தவனுக்கு எதற்கு மரியாதை என்று கோபம். அந்தப் போரில் போலந்திடம் பிடிபட்டு முகாம்களில் தொற்றுநோயாலும் பட்டினியாலும் செத்த செம்படைக் கைதிகள் 16,000 முதல் 20,000 வரை என்கிறார்கள். காட்டின் பேச்சை எடுத்தாலே மாஸ்கோ இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வரும். நோயும் தோட்டாவும் ஒன்றல்ல என்று இவர்கள் பதில் சொல்வார்கள். ஒன்றல்லதான்.

குறுக்குச்சட்டம் சாய்ந்த ஆர்த்தடாக்ஸ் சிலுவை. அதன் காலடியில் நேற்றோ முன்தினமோ யாரோ வைத்துப் பாதி எரிந்து அணைந்த இரண்டு விளக்குகள். என்னிடம் வைக்க ஒன்றுமில்லை. பையில் பெரியவர் கொடுத்த ஆப்பிள் இருந்தது. வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பசித்தது. தின்றுவிட்டேன்.

திரும்பும்போது பழைய காரில் வந்த ஒருவர், ஈரத்தில் நடப்பதைப் பார்த்துத் தானே நிறுத்தி ஸ்டேஷனில் கொண்டுவிட்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நீட்டிய 20 ஸ்லோட்டி நோட்டைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. அவசரமாக உள்ளே வைத்தேன். இரவு மகன் ரை என்ற தானியத்தின் புளித்த மாவில் காய்ச்சும் ஜூரெக் என்ற சூப்பைச் சுடச்சுடக் கொண்டுவந்தான். உள்ளே முட்டையும் உருளைக்கிழங்கும். பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு அதில் அப்படியே இருந்தது. இரண்டு கிண்ணம்.

நவம்பர் 4, திங்கள்

சளி பிடித்துவிட்டது. தூரம் போக வேண்டாம் என்று மகன் ஆணை. ஆனால் இன்று நவம்பர் 4. நான் இருப்பதோ பிராகாவில்.

1794-ல் ரஷ்யாவை எதிர்த்த கோசியுஷ்கோ எழுச்சி நசுங்கிக்கொண்டிருந்தபோது, இதே தேதியில் தளபதி சுவோரவின் ரஷ்யப் படை பிராகாவின் மண்கோட்டையை விடியற்காலையில் உடைத்து நுழைந்தது. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சிப்பாய்கள் மட்டுமல்ல, வீடுகளில் இருந்த பெண்கள், குழந்தைகள், யூதக் குடும்பங்கள் என்று ஆயிரக்கணக்கில் வெட்டிப்போட்டார்கள். அக்கரையில் நின்று பார்த்த வார்சா சரணடைந்தது. ரஷ்யாவில் இன்று அரசு விடுமுறை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை: 1612-ல் மாஸ்கோவிலிருந்து போலந்துக்காரர்களை விரட்டியதைக் கொண்டாட 2005 முதல் அவர்கள் வைத்திருக்கும் 'ஒற்றுமை நாள்'. அங்கே கொடி ஏற்றுகிற தேதியில் இங்கே கழுத்தறுத்திருக்கிறார்கள். பஞ்சாங்கம் பார்த்து யாரும் செய்ததில்லை.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வில்நியூஸ் சதுக்கம். 1945-ல் இங்கே சோவியத், போலந்து வீரர்களின் தோழமைக்கு ஒரு சின்னம் வைத்தார்கள். நான்கு மூலையிலும் தலைகுனிந்து காவல் நிற்கும் சிப்பாய்கள். ஊரார் வைத்த பெயர் 'நான்கு தூங்குமூஞ்சிகள்'. 1944 செப்டம்பர் நடுவில் செம்படை பிராகாவுக்கு வந்துவிட்டது. அக்கரையில் ஜெர்மானியரை எதிர்த்து எழுந்த வார்சா எரிந்துகொண்டிருந்தது. சோவியத் தலைமையின்கீழ் இருந்த போலந்துப் பிரிவுகள் ஆற்றைக் கடக்க முயன்று அழிந்தன. பெரும்படை இந்தக் கரையிலேயே நின்றது. அக்டோபர் 2 அன்று எழுச்சி சரணடைந்தது. இதற்குமேல் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 2011-ல் மெட்ரோ வேலைக்காகச் சிலைகளைக் கழற்றினார்கள். மெட்ரோ வந்துவிட்டது. தூங்குமூஞ்சிகள் திரும்பவில்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஜார் காலத்து ஆர்த்தடாக்ஸ் பேராலயம் மட்டும் வெங்காயக் கும்மட்டங்களோடு அப்படியே இருக்கிறது. பில்சுட்ஸ்கி சதுக்கத்தில் உடைத்த அந்தப் பெரிய கோயிலின் மொசைக் ஓவியங்கள் சில இங்கே வந்து தங்கியிருக்கின்றன. உள்ளே சாம்பிராணி வாசம், முக்காடிட்ட பெண்கள். இருமல் தாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு விளக்கு வாங்கி ஆற்றங்கரையில் வைக்கலாம் என்று தோன்றியது. மூலைக்கடையில் மிச்சமான விளக்குகள் வாசலில் கூடையில் கிடந்தன. கடைக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை, எனக்கு அவர் பாஷை. இப்போது எதற்கு என்று கேட்பது போலக் கையை விரித்தார். யாருக்கு என்று எப்படிச் சொல்வது? பஸ் டிக்கெட்டின் பின்புறம் '1794' என்று எழுதிக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு பேனாவை எடுத்து, நான் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக '4' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பதினேழு ஸ்லோட்டி தொண்ணூற்று நாலு காசு இல்லையாம். நான்குதான். திருநாள் முடிந்துவிட்டது அல்லவா.